‘போஸ்ட் போடவே பயமா இருக்கு!’ – வீடு, மனை முகவர்களின் கேள்விகளும் பதில்களும்

வீடு, மனை விற்றுத் தரும் முகவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்யாமல் இனி தொழில் நடக்காது என்று தெரிகிறது, ஆனால் இறங்கத் தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

18 வருடமாக வீடு, மனை முடித்துக் கொடுக்கிறேன். நேரில் பார்ட்டியிடம் மணிக்கணக்கில் பேசுவேன். போனை முகத்துக்கு நேரே பிடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சொந்தக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற நினைப்பு வேறு. என்ன செய்வது?
– வாசகர், ஒத்தக்கடை, மதுரை

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் கலந்திருக்கிறது. சொந்தக்காரர் பயத்தை போன் செட்டிங்கிலேயே தீர்த்துவிடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘பிரைவசி’ பகுதிக்குப் போனால், குறிப்பிட்ட சிலரைத் தவிர்த்து மற்றவர்களுக்குக் காட்டவும் முடியும், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் காட்டவும் முடியும். முதல் பத்து வீடியோவை உங்களுக்கு நம்பிக்கையான ஐந்து பேருக்கு மட்டும் காட்டுங்கள். ஃபேஸ்புக்கில் உங்கள் சொந்தக் கணக்கில் போடாமல் தொழிலுக்கென்று தனியாக ஒரு பேஜ் ஆரம்பியுங்கள். நண்பர்கள் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பவா என்று அது கேட்கும். வேண்டாம் என்று கடந்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் போனிலுள்ள எண்களை இணைக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

கேமரா பயம் வேறு. நேரில் பார்ட்டி கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். அவர் முகம் சுளித்தால் பேச்சை மாற்றுகிறீர்கள். கேமரா எதையும் கேட்காது, தலையாட்டவும் செய்யாது. அதனால்தான் 18 வருடப் பேச்சு அங்கே வர மறுக்கிறது. ஆகவே கேட்பதற்கு ஓர் ஆளை நிறுத்துங்கள். போனைப் பிடித்திருப்பவரிடமோ பக்கத்தில் நிற்பவரிடமோ ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுங்கள்: எவ்வளவு இடம், ரோடு எத்தனை அடி, தண்ணீர் எப்படி, பத்திரம் என்ன நிலை, விலை என்ன. அவர் கேட்கட்டும், நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். பிறகு கேள்விகளை வெட்டிவிட்டால் பதில்கள் மட்டும் வீடியோவாக நிற்கும்.

முதல் வாரம் முகமே வேண்டாம். கையும் குரலும் போதும். 30க்கு 40 மனை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லைக் கல்லை நோக்கிக் கேமராவைப் பிடியுங்கள். “இது தென்மேற்கு மூலை. இங்கிருந்து 30 அடி அகலம், 40 அடி நீளம். மொத்தம் 1,200 சதுர அடி, ரெண்டே முக்கால் சென்ட்.” அடுத்து ரோட்டின் குறுக்கே டேப்பை இழுத்து, எண் தெரியும்படி காட்டுங்கள். “ரோடு 30 அடின்னு பிளான்ல இருக்கு. நீங்களே பாருங்க.” அப்புறம் அந்த மனையின் ஒரு குறையைச் சொல்லுங்கள். “பெரிய மழை பெஞ்சா இந்த மூலையில தண்ணி ஒரு நாள் நிக்கும். அரை அடி மண் அடிக்கணும்.” கடைசியாக விலை. 45 வினாடியில் முடிந்துவிடும். டேப்பில் தெரியும் எண்ணும், நீங்களாகவே ஒப்புக்கொண்ட அந்தக் குறையும் பார்ப்பவரை நிறுத்தும். மற்றவர்கள் எல்லோரும் ‘அருமையான மனை, அரிய வாய்ப்பு’ என்று கூவிக்கொண்டிருக்கும்போது குறையைச் சொல்கிறவரை நம்பத் தோன்றும். இரண்டாம் வாரம் ஆரம்பத்தில் மட்டும் ஐந்து வினாடி முகம் காட்டுங்கள், மூன்றாம் வாரம் பதினைந்து வினாடி.

எழுதி வைத்துப் படிக்காதீர்கள், கண் அசைவு காட்டிக் கொடுத்துவிடும். ஐந்து சொற்களை ஒரு தாளில் எழுதி லென்ஸுக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு வீடியோவுக்கு மூன்று டேக்தான். நான்காவதிலிருந்து முகம் வாடிவிடும், இரண்டாவதே மேல் என்று ஆகிவிடும்.

சில சின்ன விஷயங்கள் ஆரம்பக்காரர்களைப் பெரிதாகச் சோர வைக்கின்றன. சட்டைப்பையில் கிடந்த போனின் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், துடைக்காமல் எடுத்தால் காட்சி மங்கும். ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். காலி வீட்டில் குரல் எதிரொலிக்கும். அங்கே காட்சியை மட்டும் எடுத்துவிட்டு, கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து குரலைத் தனியாகப் பதியுங்கள். வெட்டவெளி மனையில் காற்றுச் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். சட்டைக் காலரில் மாட்டும் மைக் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. அது வரும்வரை பழைய வயர் இயர்போனின் மைக்கே போதும். அறையைப் பெரிதாகக் காட்ட 0.5 லென்ஸுக்குப் போகாதீர்கள். பத்துக்குப் பத்து அறை ஹால் மாதிரித் தெரியும், நேரில் வந்தவர் வாசலிலேயே ஏமாந்து திரும்புவார்.

வீடியோ போட்டால் மற்ற புரோக்கர்கள் இடத்தைக் கண்டுபிடித்து ஓனரிடம் நேராகப் போய்விடுகிறார்கள். பார்ட்டியும் என்னைத் தாண்டிப் போகிறார். கமிஷன் போய்விடும் என்ற பயத்தில்தான் போடுவதே இல்லை.
– வாசகர், அவிநாசி

நியாயமான பயம். இந்தத் தொழிலில் பலரும் வெளியே சொல்லாமல் வைத்திருப்பது இதைத்தான். கேமராவுக்கு முன்னால் கூச்சம் என்று சொல்கிற பலருக்கும் உள்ளே இருப்பது இதுவே.

வீடியோவுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஓனரிடம் ஒரு பக்கத்தில் கடிதம் வாங்குங்கள். சொத்தின் சர்வே எண், அளவு, எதிர்பார்க்கும் விலை, பேசிய கமிஷன், எத்தனை நாளுக்கு உங்களுக்கு அனுமதி (90 நாள் என்பது நியாயமான காலம்), படம், வீடியோ, விலை ஆகியவற்றை வெளியிடச் சம்மதம், இந்தக் காலத்தில் உங்கள் வழியாக வந்த ஆளுக்குப் பின்னால் விற்றாலும் கமிஷன் உண்டு என்ற ஒரு வரி. அதில் எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் மட்டும் சொன்னார் என்று வீடியோ போட்டால், “இந்த இடத்துல எனக்கும் பங்கு இருக்கு, எவன் விக்கச் சொன்னது?” என்று தம்பி கமென்ட்டில் வந்து நிற்பார். அப்புறம் அந்தச் சொத்தை யாரும் தொட மாட்டார்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை மாதிரி எழுதி வாங்கிக்கொண்டால் எல்லாச் சொத்துக்கும் அதையே பயன்படுத்தலாம்.

பார்ட்டி பக்கம்: இடத்தைக் காட்டப் போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். “நாளை காலை 8 மணிக்கு, பெருமாநல்லூர் ரோடு 5 சென்ட் மனையை எங்கள் மூலமாகப் பார்க்க வருகிறீர்கள். முடிந்தால் கமிஷன் 1%.” கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் தேதியோடு ஒரு பதில் போனில் இருந்தால் பின்னால் பேச வசதியாக இருக்கும், பார்ட்டியும் தாண்டிப் போக யோசிப்பார்.

படமெடுக்கும்போது கேட்டுக்கு உள்ளேயிருந்து ஆரம்பியுங்கள். பெயர்ப்பலகை, கதவு எண், மின் மீட்டரின் இணைப்பு எண், தெருப் பலகை, எதிர்க்கடை போர்டு எதுவும் விழக்கூடாது. மாடியில் நின்று சுற்றிக் காட்டும் காட்சியில்தான் பலர் மாட்டுகிறார்கள். பின்னால் கோயில் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ தெரிந்தால் அந்த ஊர்க்காரருக்கு அது போதும். கேமரா செட்டிங்கில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த இடம் படத்தோடு சேர்ந்தே போய்விடும். தரம் குறையக்கூடாது என்று டாக்குமென்ட்டாக அனுப்பி இடத்தைக் காட்டிக்கொடுப்பவர்கள் நிறைய. இன்ஸ்டாகிராமில் லொக்கேஷன் போடும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் வைத்த வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டு உங்கள் வீடியோவையே தங்கள் எண்ணோடு போடுகிறவர்கள் உண்டு. நீங்களே நடந்துகொண்டு பேசும் வீடியோவை அப்படி வெட்ட முடியாது. உங்கள் முகமும் குரலும்தான் சரியான பூட்டு. முதல் கேள்விக்குச் சொன்ன பயிற்சி இங்கேயும் உதவும்.

ரெரா சட்டத்துக்குப் பயந்தே எதையும் போடுவதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கூட விளம்பரம்தானா? எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?
– வாசகர், மறைமலை நகர்

ஆம், ஸ்டேட்டஸும் விளம்பரமே. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016, விளம்பரம் என்பதை எந்த ஊடகத்தின் வழியாகவும் எந்த வடிவிலும் செய்யும் விளம்பரம் என்று அகலமாகவே சொல்கிறது. நான்கு பேர் பார்த்தார்கள், நாற்பது பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு அதில் இல்லை.

உங்களைத் தொடும் பகுதிகள் சிலதான். பிரிவு 3-ன்படி, பதிவு தேவைப்படும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவோ புக்கிங் வாங்கவோ கூடாது. 500 சதுர மீட்டருக்கு (சுமார் 5,382 சதுர அடி) மேற்படாத நிலத்துக்கும், 8 வீடுகளுக்கு மேற்படாத குடியிருப்புக்கும் விலக்கு இருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும், பதிவு தேவையா என்று உறுதி செய்துகொண்டு, தேவையென்றால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிய பிறகே கைவையுங்கள். பிரிவு 9 முகவரின் பதிவைப் பற்றியது. பதிவான திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தர உங்களுக்கே பதிவு எண் வேண்டும். பிரிவு 10, பதிவாகாத திட்டத்தை விற்க உதவக்கூடாது என்றும் தரம், அனுமதி பற்றிப் பொய் சொல்லக்கூடாது என்றும் சொல்கிறது. 9, 10 இரண்டில் எதை மீறினாலும் பிரிவு 62-ன்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது அந்தச் சொத்தின் விலையில் 5% வரை ஏறலாம். 40 லட்சம் ரூபாய் ஃபிளாட் என்றால் 2 லட்சம்.

‘ப்ரீ லான்ச் ஆஃபர், ரெரா எண் அடுத்த மாசம் வந்துடும்’ என்று பில்டர் அனுப்பும் படத்தை அப்படியே ஸ்டேட்டஸில் ஏற்றுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. எண் வரட்டும். அதைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடி, திட்டத்தின் பெயர், ஊர், சர்வே எண், முடிவுத் தேதி நான்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். போஸ்ட்டில் அந்தப் பதிவு எண்ணும் ஆணைய இணையதள முகவரியும் படிக்கும் அளவில் இருக்க வேண்டும், அடியில் எறும்பு எழுத்தில் போட்டால் பிரயோஜனமில்லை. உங்கள் முகவர் பதிவு எண்ணை பேஜின் முகப்பிலேயே வைத்துவிடுங்கள்.

சொற்களில் கவனம் தேவை. ‘டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவ்டு’ என்பதும் ‘டிடிசிபிக்கு விண்ணப்பித்தது’ என்பதும் ஒன்றல்ல. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று போடவே போடாதீர்கள், லேஅவுட்டுக்கு ஊராட்சித் தலைவர் போட்ட கையெழுத்து அனுமதி ஆகாது. அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 20.10.2016-க்கு முன் மனையாகப் பத்திரமாகியிருக்கிறதா, வரன்முறை ஆகியிருக்கிறதா (அரசு ஒழுங்குபடுத்தியிருக்கிறதா) என்று பார்க்காமல் விளம்பரம் போட்டால் பத்திரப்பதிவில் நின்றுவிடும். ‘ரயில் நிலையம் 5 நிமிடம்’ என்று எழுதுவதற்கு முன் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஒருமுறை வண்டியில் போய்ப் பாருங்கள். அல்லது ‘2.3 கிலோமீட்டர்’ என்று தூரத்தைச் சொல்லிவிடுங்கள், தூரம் யாருக்கும் மாறாது. ‘3 வருடத்தில் விலை இரட்டிப்பு’ என்பதை யார் சொல்லச் சொன்னாலும் சொல்லாதீர்கள். வரப்போகும் விமான நிலையம், வரப்போகும் மெட்ரோ பற்றிய பேச்சும் அப்படியே.

பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், அங்கீகரித்த வரைபடம் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு போஸ்ட் எழுத உட்காருங்கள். காகிதத்தில் இருப்பதை மட்டும் எழுதினால் யாரும் கேள்வி கேட்டு உங்களை மடக்க முடியாது. ஆனால் அந்தக் காகிதங்களைப் படமெடுத்துப் போஸ்ட்டில் போடாதீர்கள். அவற்றில் ஓனரின் பெயரும் முகவரியும் இருக்கும்.

பெண் முகவர் நான். போன் நம்பர் வெளியே போனால் ராத்திரி 11 மணிக்கு ‘ஹாய்’ வருகிறது. அதனாலேயே விளம்பரத்தை நிறுத்திவிட்டேன்.
– வாசகி, ஸ்ரீரங்கம்

நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை, நம்பரை மாற்றினால் போதும். தொழிலுக்குத் தனி சிம் வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். ஒரே போனில் சாதாரண வாட்ஸ்அப்பும் பிசினஸும் வேறு வேறு எண்ணில் ஓடும். அதில் வேலை நேரத்தைக் காலை 9 முதல் மாலை 7 வரை என்று குறித்துவிட்டு, மற்ற நேரத்துக்குத் தானாகப் போகும் பதிலை எழுதி வையுங்கள்: “நன்றி. எந்த ஊரில், எவ்வளவு பட்ஜெட்டில் பார்க்கிறீர்கள், லோனா சொந்தப் பணமா என்று எழுதுங்கள். காலையில் அழைக்கிறோம்.” வீடு வேண்டியவர் மூன்றுக்கும் பதில் எழுதுவார். வெறும் ‘ஹாய்’ ஆள் அங்கேயே நின்றுவிடுவார். அவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பிளாக் செய்யுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள்.

முகப்புப் படத்தில் குடும்பப் படம் வேண்டாம், தொழில் பெயரும் உங்கள் படமும் போதும். ஃபேஸ்புக் பேஜிலும் இன்ஸ்டாகிராமிலும் குறிப்பிட்ட சொற்கள் வந்தால் கமென்ட்டைத் தானாக மறைக்கும் வசதி இருக்கிறது. தமிழிலும், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழிலுமாக அசிங்கச் சொற்களை உட்கார்ந்து ஒருமுறை ஏற்றிவிடுங்கள். எரிச்சலான வேலைதான், ஒரு நாளோடு முடிந்துவிடும்.

சைட்டிலிருந்து லைவ் போகாதீர்கள். எடுத்ததை வீடு திரும்பிய பிறகே ஏற்றுங்கள். புதியவருக்குக் காலி வீட்டைக் காட்டும்போது கூட ஓர் ஆள் இருக்கட்டும். ஓனரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ வரச் சொல்லலாம். பார்க்க வருகிறவரின் பெயரையும் எண்ணையும் உங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லைவ் லொக்கேஷனையும் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். மிரட்டலோ ஆபாசப் படமோ வந்தால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ கொடுங்கள்.

பேஜில் 3,000 ரூபாய் கொடுத்து பூஸ்ட் செய்தேன். நிறைய லைக், 40 போன் கால். ஒருவர்கூட இடம் பார்க்க வரவில்லை. பணம் போட இப்போது பயமாக இருக்கிறது.
– வாசகர், பல்லடம்

பூஸ்ட் பொத்தான் அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. லைக், கமென்ட் போடும் பழக்கமுள்ளவர்களைத் தேடி அது உங்கள் போஸ்ட்டைக் காட்டியிருக்கிறது. மனை வாங்குகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். விலை போடாமல் விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறோம். அப்படியானால் அந்த 40 பேரும் ‘விலை என்ன’ என்று கேட்கத்தான் அழைத்திருப்பார்கள்.

அடுத்த முறை பூஸ்டுக்குப் போகாமல் மெட்டாவின் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனம்) ஆட்ஸ் மேனேஜரில் ‘லீட்ஸ்’ (வாங்க விரும்புகிறவர்களின் விவரத்தைத் திரட்டுவது) நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் படிவம் வைக்கும் வசதி உண்டு. அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் வகைப் படிவத்தை எடுங்கள். எண்ணிக்கை குறையும், தவறிக் கைபட்டு அனுப்புகிறவர்கள் வடிகட்டப்படுவார்கள். உங்கள் சொந்தக் கேள்வி இரண்டு சேருங்கள்: பட்ஜெட் எந்த வரம்பு, எப்போது வாங்கத் திட்டம். விளம்பரத்திலேயே விலையைச் சொல்லுங்கள். ஓனர் முழு விலையைச் சொல்லக்கூடாது என்றால் ‘சென்ட் 6 லட்சத்திலிருந்து’ என்ற அளவிலாவது.

யாருக்குக் காட்டுவது என்பதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. பலர் மனை இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களுக்கே விளம்பரத்தைக் காட்டுவார்கள். அந்த வட்டத்திலிருப்பவர்களுக்கு அந்த இடமும் தெரியும், விலையும் தெரியும். இதற்கு முன் நீங்கள் முடித்த பத்து கிரயங்களை எடுத்து, வாங்கியவர் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்று குறியுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனி சூப்பர்வைசர், கோவை ஐடி ஊழியர், துபாயில் இருப்பவர் என்று ஒரு வரிசை வரும். விளம்பரம் அங்கே போக வேண்டும்.

ஒரு நாளைக்கு 300 ரூபாய், 7 நாள், மொத்தம் 2,100. 18% ஜிஎஸ்டியோடு 2,478. பயமாக இருந்தால் இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். விளம்பரம் ஓடும்போது நடுவில் படத்தையோ ஊரையோ மாற்றாதீர்கள், யாருக்குக் காட்டுவது என்று மெட்டா மறுபடி முதலிலிருந்து கற்க ஆரம்பிக்கும். கணக்கை லைக்கில் போடாதீர்கள், லீடிலும் போடாதீர்கள். 30 படிவம் வந்து, 8 பேர் போனை எடுத்து, 2 பேர் இடம் பார்க்க வந்தால் ஒரு சைட் விசிட்டுக்கு 1,239 ரூபாய். உங்கள் கமிஷனோடு வைத்துப் பார்க்க வேண்டிய எண் அதுதான். படிவம் வந்த சில நிமிடங்களில் அழையுங்கள். மறுநாள் அழைத்தால் ‘எந்த மனை?’ என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்பார்.

‘புரோக்கர் எல்லாம் ஏமாத்துக்காரங்க’, ‘இந்த விலைக்கு எவன் வாங்குவான்’ என்று கமென்ட் வந்தால் இரண்டு நாள் தூக்கம் போகிறது. அழித்துவிடலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

வசவையும் ஆபாசத்தையும் மறைத்துவிடுங்கள், விளக்கம் வேண்டாம். விலை பற்றிய குறையை அழிக்கக்கூடாது. அழித்தால் எழுதியவர் ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்பி வருவார். அதற்கு ஒரே ஒரு பதில், எண்களோடு: “அரசு வழிகாட்டி மதிப்பு இவ்வளவு. இதே தெருவில் இந்த வருடம் கேட்ட விலை இவ்வளவு. ஓனர் கேட்பது இவ்வளவு, நேரில் பேசிக் குறைக்க இடமுண்டு.” அவர் மறுபடி எழுதினாலும் நீங்கள் எழுத வேண்டாம். அந்த ஒரு பதிலைச் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறீர்கள்.

உங்கள் பக்கம் தவறு இருந்தால், உதாரணமாக அளவைத் தவறாகப் போட்டிருந்தால், ‘திருத்தம்: 4 சென்ட் அல்ல, 3.75 சென்ட். சுட்டிக்காட்டியதற்கு நன்றி’ என்று போஸ்ட்டிலேயே சேருங்கள். அதைப் பார்த்து யாரும் உங்களை விட்டு ஓட மாட்டார்கள்.

வாடகை வீட்டுப் போஸ்ட்டில் சண்டை கிளம்புவதற்கு ஒரு காரணம், ஓனர் சொன்னார் என்று சாதி, மத, உணவு நிபந்தனைகளை அப்படியே எழுதுவது. எழுதாதீர்கள். வீட்டைப் பற்றி எழுதுங்கள். அப்படி எழுதச் சொல்லும் ஓனரிடம் ‘எழுத மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எனக்கு 58 வயது. மகனிடமோ விளம்பரக் கம்பெனியிடமோ எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமா? தவிர, விற்க வீடே இல்லாத வாரம் எதைப் போடுவது?
– வாசகர், காரைக்குடி

படம் வெட்டுவது, எழுத்துச் சேர்ப்பது, சப்டைட்டில் போடுவது, ஏற்றுவது ஆகியவற்றைக் கொடுக்கலாம். கமென்ட்டுக்குப் பதில் சொல்வதைக் கொடுக்காதீர்கள். ‘கூட்டுப்பட்டாவா தனிப்பட்டாவா?’ என்று ஒருவர் கேட்டால் 22 வயதுப் பையன் ‘இன்பாக்ஸ் வாங்க சார்’ என்று எழுதுவான். உங்களுக்கு அதற்குப் பதில் அரை நிமிடம். எழுதச் சோம்பலாக இருந்தால் குரல் தட்டச்சில் தமிழிலேயே சொல்லுங்கள்.

கணக்கு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வெளியாளை பேஜில் சேர்க்கும்போது முழு அதிகாரம் தராமல் பதிவிடும் அனுமதி மட்டும் தாருங்கள். அவர்கள் தங்கள் எண்ணில் ஆரம்பித்துத் தந்த பேஜ், சண்டை வந்தால் உங்களுக்குக் கிடைக்காது. இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) இன்றே போட்டுவிடுங்கள். ‘உங்கள் பேஜ் காப்பிரைட் மீறியதால் நீக்கப்படும், இந்த லிங்கை அழுத்தவும்’ என்று வரும் செய்தி திருடர்களுடையது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவதை மட்டும் மகனிடம் நிறுத்தச் சொல்லுங்கள். தொழில் கணக்கில் அந்த வீடியோ ஊமையாகிவிடும், சில நேரம் நீக்கப்பட்டும் விடும்.

வீடு இல்லாத வாரத்துக்குத்தான் உங்கள் அனுபவம் கைகொடுக்கும். 40 லட்சத்துக்குக் கிரயம் என்றால் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%, ஆக 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் தனியாக வேண்டும். வீடு வாங்கப் போகிற எத்தனையோ பேர் இதைக் கணக்கில் சேர்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக்கட்டணத்தில் 1% சலுகை என்பதும் பலருக்குத் தெரியாது. வில்லங்கச் சான்றில் எத்தனை வருடம் பார்ப்பது, ‘கிரவுண்ட்’ என்றால் 2,400 சதுர அடி, சென்ட் என்றால் 435.6 சதுர அடி என்பதைக் காலால் அளந்து காட்டுவது, ஃபிளாட் வாங்குபவர் நிலத்தின் பிரிபடாப் பங்கை ஏன் கேட்க வேண்டும் என்பது என்று ஒரு விஷயத்துக்கு ஒரு நிமிடம். வாரத்துக்கு மூன்று போதும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ‘யாருக்குமே வரலையே’ என்று பலர் சோர்வதற்குக் காரணம் இதுதான். எனவே இனி பார்க்கும் ஒவ்வொரு பார்ட்டியிடமும் விசிட்டிங் கார்டு கொடுப்பதற்குப் பதில், உங்கள் பெயரோடு ‘காரைக்குடி வீடு’ என்று சேர்த்து அவர் போனில் உங்கள் கண்ணெதிரேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.